கண்டக்டர் திறந்த சன்னல்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சின்னசேலத்தில் எங்கள் வீட்டெதிரே நின்றுபோன பஸ்ஸின் கண்டக்டருக்கு அப்பா சாப்பாடு போட்டார். காதில் பென்சில், கழுத்தில் விசில். வீட்டுக்குள்ளும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

அப்பா புதிதாக வாங்கிய ஏர்கூலரைப் பெருமையாக ஓடவிட்டார். சன்னலெல்லாம் அடைத்திருந்ததால் எங்களுக்குப் புழுங்கியது.

"சன்னல தொறந்தா குளுரு தெருவுக்குப் பூடுமே!" என்றார் அப்பா.

"உள்ள இருக்கிற காத்து எறங்கினாத்தானங்க புதுசு ஏறும்?" என்று கூலருக்கு எதிர்ச் சன்னலைத் திறந்த கண்டக்டர், விசிலடித்து "ரைட்!" என்றார். சில்லென்று காற்று வீசியது. அப்பாவே கைதட்டினார்.

பிறகு கண்டக்டரைக் காணோம். வெளியே, அதே சன்னலடியில் சாய்ந்து, வெளியேறும் குளிர்ச்சியை முழுக்க வாங்கியபடி தூங்கிக்கொண்டிருந்தார். யாருக்காகத் திறந்தாரோ! தூக்கத்திலும் ஒரு கை சன்னல் கம்பியைப் பிடித்திருந்தது.