பூனையின் வாயில் வைத்த ஸ்பிரிங்

குண்டசாலையில் ஒரு மிருக வைத்தியரின் கிளினிக்கில் பிரேமிளாவுக்கு வேலை. நாய், பூனைகளின் வாயைத் திறந்து பிடிக்க வேண்டும். நீட்டுக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, ஈறைக் கிளறிப் பார்க்கிற கொக்கி ஊசி, மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் மாட்டினால் வாயை விரித்தபடியே வைத்திருக்கிற ஸ்பிரிங், எல்லாம் அவள் பொறுப்பு. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி வந்தவளுக்கு அந்தக் கைத்திறமையில் கொஞ்சம் கர்வம். இருக்கட்டுமே, வீட்டில் அடுப்பெரிவது அந்தச் சம்பளத்தில்தானே.

அந்தக் கர்வம்தான் காலை வாரிவிட்டது. மஸாஹிரா டீச்சரின் பூனைக்குப் பல் சுத்தம் செய்த அன்று, மயங்கிக் கிடந்த அதன் வாயை ஸ்பிரிங்கால் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்துவிட்டாள். "இப்பதான் நல்லாத் தெரியுது" என்று டொக்டர் சொன்னதும் உச்சி குளிர்ந்து போனாள். பூனைக்கு அப்படி விரிக்கக் கூடாது. இடையிடையே தளர்த்தவும் வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குப் போகிற இரத்தம் தடைப்படும். தெரிந்தவள்தான், பாவி, மறந்து போனாள். டொக்டரும் கவனிக்கவில்லை. மயக்கம் தெளிந்து எழுந்த பூனை நேரே போய்ச் சுவரில் முட்டியது.

டொக்டர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "இனிமே கவனம்" என்றார் பிரேமிளாவிடம், அவ்வளவுதான். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார் என அவளே நினைத்துக்கொண்டாள். உண்மை தெரிந்தால் டீச்சர் சும்மா விடுவாரா? வேலைக்கு உலைதான்.

பஸ்ஸுக்குப் போக டீச்சர் வீட்டைத் தாண்டிப் போகிற அந்த ஒரு ரோடுதான். மாலையானால் டீச்சர் கேற்றடியில் நிற்பார்.

"வாங்க மகள், டீ குடிச்சிட்டுப் போங்க."

மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. உள்ளே போய் உட்கார்ந்தால், பூனை மேசை, கதிரைக் கால்களில் இடித்து இடித்து வந்து அவள் மடியில் ஏறும். டீச்சர் எதிரே இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சே, என்ன பிழைப்பு இது என்று பிரேமிளா தன்னையே வைவாள். மறுநாளும் போய் உட்காருவாள்.

ஒருநாள் தாங்க முடியவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், இதுக்குக் கண்ணு போனது என்னாலதான். ஸ்பிரிங்க ரொம்ப விரிச்சிட்டேன். தளத்த மறந்துட்டேன்."

டீச்சரின் முகம் மாறவில்லை. "தெரியும். டொக்டர் அண்டைக்கே எல்லாத்தையும் செல்லிட்டார்."

"அப்ப ஏன் டீச்சர் என்னையத் தெனமும் கூப்பிட்டு டீ குடுத்தீங்க?"

"நீங்களாச் செல்லுவீங்களாண்டு பாத்தன். இவ்வளவு காலம் எடுத்தீங்களே." டீச்சர் எழுந்து பூனையை அவள் மடியிலிருந்து தூக்கிக்கொண்டார். "இனி வர வேணாம், மகள்."

பிரேமிளா கேற்றைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்தாள். அழுகை பொங்கியது. நாளைக்கும் இந்த ரோட்டால்தான் போக வேண்டும்.