நீளமுடிக்காரர்களின் இசைத்தட்டு

எனக்குப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் இதை எழுதுகிறாள். கிடார் கற்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அந்த லண்டன்காரர்களின் பாட்டைத்தான் முதலில் வாசித்துப் பழகுகிறார்களாம். பழகட்டும். எழுபதுகளில், இதே மொன்றியலில், அதற்காகச் சண்டை போட்டவள் நான்.

அவர்களுடைய இசைத்தட்டு எனக்கு நடைபாதையில் கிடைத்தது. இந்த ஊரில் எல்லோரும் ஒரே நாளில் வீடு மாறுவார்கள், வேண்டாததைத் தெருவில் விட்டுவிட்டுப் போவார்கள். கட்டில், நாற்காலி, ஒரு தடவை முழு சோபாவே தெருவில் கிடந்தது. அட்டையில் நீளமுடிக்காரர்கள் நான்கு பேர், எண்ணெய் கண்டு வருஷமான தலைகள். என் வீட்டுக்காரர், அத்தை மகன்தான், ஊருக்குப் பக்கத்திலேயே சென்ட் லோரன்ட்டில் விமானத் தொழிற்சாலை இன்ஜினியர். அவர் வேலைக்குப் போனதும் போட்டுப் பார்த்தேன். அம்மாடி, அந்த மேளம்! சாம்பாருக்குத் தாளிக்க மறந்து நின்றுவிட்டேன். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீட்டில் அந்தக் குளிர்காலம் முழுக்க அதுதான் பாடியது.

ஒரு நாள் அவர் சீக்கிரம் வந்துவிட்டார்.

"என்னடி இது கண்றாவி? ஞாயித்துக்கிழமை டாக்டர் வீட்டுல வராங்க. அதுக்குள்ள குப்பையில போடு. மானம் போயிடும்."

"போட மாட்டேன் அத்தான்."

"ஒரு வார்த்தையாவது புரியுதா உனக்கு?"

தட்டைப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் மனைவியும் வந்தார்கள். கேசரி நன்றாக அமைந்தது. முந்திரிக்கு அலைந்தது தனிக் கதை. இவர் தன்னுடைய கர்நாடகக் கச்சேரித் தட்டைப் போட்டு, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். டாக்டர் மனைவி உருகிப்போனாள்.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று அவளிடம் கேட்டேன்.

"தெலுங்கு ஆச்சே, எனக்கு எங்க தெரியும்?"

"உங்களுக்கு, அத்தான்?"

தாளம் நின்றது. "ராமரைப் பத்தி..." என்று இழுத்தார்.

"ராமரைப் பத்தி என்ன?"

டாக்டர் கேசரிக் கிண்ணத்துக்குள் சிரித்தார்.

"அப்ப உங்களுக்கும் புரியல, எனக்கும் புரியல. ஆளுக்கு ஒண்ணு கேப்போம்."

என் தட்டைக் கொண்டுவந்து ஊசியை வைத்தேன். டாக்டர் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். இவர் எழுந்து சத்தத்தைக் குறைத்தார். நான் எழுந்து கூட்டினேன். மறுபடி குறைத்தார். மறுபடி கூட்டினேன். முறைத்தார். முறைக்கட்டுமே! முதல் பக்கம் ஓடி முடிந்தது.

"போதும்டி," என்றார்.

"எப்படிப் போதும்? இன்னொரு பக்கம் இருக்கே," என்று திருப்பிப் போட்டேன்.

அவர்கள் கிளம்பிப் போனதும், அவருடைய கச்சேரித் தட்டுகளுக்கு நடுவில் என்னுடையதைச் செருகினேன், நீளமுடிக்காரர்களின் தலை வெளியே தெரிகிற மாதிரி. பார்த்துக்கொண்டேதான் இருந்தார். குப்பைக்கூடை பக்கம் போகவில்லை.