ஆறு மாதத்தில் முடியும் கட்டடம்

ஈரச் சிமெண்டின் வாசனை எனக்குப் பிடிக்காது. புதுச் சுவரில் தண்ணீர் பட்டதும் ஒரு நெடி கிளம்பி மூக்கில் ஏறும். அதைப் புதுவீட்டு வாசனை என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதை முகர்ந்தாலே அலுப்பு வந்துவிடும், எங்காவது உட்கார்ந்துகொள்ளலாமா என்றிருக்கும். ஆசிரியையாக வேலை பார்த்த காலம் முழுக்க, ஏதாவதொரு கட்டடம் பாதியில் நிற்கிற பள்ளிக்கூடமாகப் பார்த்துத்தான் எனக்கு மாற்றல் வாய்த்தது. ஆனால் இந்த அலுப்பு அதற்கெல்லாம் முந்தியது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பிரித்துக் கட்டினார்களே, அப்போது வந்தது.

காரிமங்கலம் பஸ் ரோட்டை விட்டு உள்ளே நடக்கவேண்டிய மானாவாரிக் காட்டு ஊர் எங்களுடையது. நடுநிலைப்பள்ளி எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. ஓட்டுக் கட்டடம், மழை பெய்தால் ஒழுகும், வெயில் காலத்தில் ஓட்டு இடுக்கிலிருந்து தேள் விழும், உடனே வகுப்பே பெஞ்சு மேல் ஏறி நிற்கும். ஆனால் அம்மா வாசலில் நின்று குரல் கொடுத்தால் வகுப்புக்குள் கேட்கும். என் அக்கா அம்சவேணி பெரியவளான பிறகும் ஏழாம் வகுப்பை முடித்தது அந்த ஒரு சௌகரியத்தால்தான். "கூப்புடற தூரத்துல இருக்குது, போயிட்டு வரட்டும்" என்று அப்பா விட்டுவிட்டார். அவள் கணக்கில் கெட்டி. எட்டாவது பாஸ் செய்துவிட்டால் ஊரிலேயே "பால்வாடி டீச்சர்" வேலைக்கு மனுப் போடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுடைய ஆசை அவ்வளவுதான், அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் ஓடுகளை இறக்கினார்கள். புதுக் கட்டடத்தின் "பிளானை" மாரியம்மன் கோயில் முன்னால் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள். ஊரே குனிந்து பார்த்தது. கான்கிரீட் தளம், வகுப்புக்கு ஓர் அறை, முன்னால் தாழ்வாரம், பெண் பிள்ளைகளுக்குத் தனியாகக் கழிப்பறை, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மதில். அப்பாவுக்கு மற்றதெல்லாம் புரிந்ததோ என்னவோ, அந்த மதில் மட்டும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. "ஆறு மாசத்துல முடிச்சிர்றோங்க" என்றார் காண்ட்ராக்டர். அவர் அதை எத்தனை ஊரில் சொல்லியிருப்பார் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும்.

அதுவரை சின்ன வகுப்புகளைக் கோயில் மண்டபத்துக்கும், ஆறு முதல் எட்டு வரை காரிமங்கலம் சந்தைக் கொட்டகைக்கும் மாற்றினார்கள். சந்தை கூடுகிற நாளில் பள்ளிக்கூடம் கிடையாது. மற்ற நாட்களிலும் மிளகாய்ச் சாக்கின் நெடியும் மாட்டுக்காரர்களின் பேச்சுமாக இருக்குமாம். மறைவாக ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அப்பா கோபப்படவில்லை, மிரட்டவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "சந்தையில எங்கம்மா போயி உக்காருவ? கட்டடம் முடியட்டும். மதிலெல்லாம் போடறாங்க இல்ல, அப்பறம் போயிக்கலாம். ஆறு மாசம் வூட்ல இருந்தா என்ன கெட்டுப் போவுது?"

படிக்கவேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், பட்டினி கிடந்திருப்பாள், தலைமையாசிரியர் வந்து அப்பாவிடம் மல்லுக்கட்டியிருப்பார். "முடியட்டும்" என்று சொல்கிறவரோடு யார் சண்டைக்குப் போவது? ஊரில் இன்னும் சில பெண்களும் அப்படியே நின்றுபோனார்கள். அவர்கள் வீடுகளிலும் இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

தருமபுரியிலிருந்து ஒரு பாய் மேஸ்திரியாக வந்தார். சன்னல் மட்டம் வரை சுவர் மளமளவென்று எழும்பியது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஊர்க் கிணற்றில் குடம் தரையைத் தட்டியது. சுவருக்குத் தண்ணீர் விட ஆட்கள் வந்தபோது பெண்கள் கிணற்றைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "குடிக்கவே தண்ணியக் காணோம், செவுத்துக்கு ஊத்தறதா?" என்று கேட்டது என் அம்மாதான். மேஸ்திரி கையை விரித்தார். "நான் என்னம்மா பண்ணட்டும்? பச்சைச் செவுரு, நனைக்கலன்னா பொலபொலன்னு போயிரும். இதுக்கு மேல கட்டுனா நிக்காது" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அக்கா அந்தச் சுவரை எடுத்து வளர்க்க ஆரம்பித்தாள். எங்கள் கொல்லையில் இருந்த பழைய சாக்குகளைக் கிழித்துச் சுவர்மேல் போர்த்தினாள். காட்டுக் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு நடை, சுவருக்கு ஒரு நடை. நின்றுபோன மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சாக்கு நனையும்போது அந்த நெடி கிளம்பும்; இடுப்பில் காலிக் குடத்தோடு அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பாள். "பள்ளிக்கொடத்த இவதான் கட்டறா" என்று போகிற வருகிறவர்கள் கேலி செய்தார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். எனக்கு மட்டும் ஒருமுறை சொன்னாள்: "இது காஞ்சிச்சின்னா இடிச்சிட்டு மொதல்ல இருந்து கட்டணுமாம். என்னால முடியாதுடி."

சுவர் நின்றது. மேஸ்திரி திரும்பி வந்தார், தட்டிப் பார்த்தார், பரவாயில்லையே என்றார். ஆனால் இடையில் இன்னொரு அதிகாரி வந்து பிளானைத் திருத்தியிருந்தார். கழிப்பறை போயிற்று, மதில் போயிற்று. தளம் போட்டு, பூசி, வெள்ளையடித்து முடித்தபோது ஆறு மாதம் எத்தனையோ முறை ஆகியிருந்தது. அக்காவுக்கு இண்டூரில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அவள் "மதிலு வருமாப்பா?" என்று கேட்டதும், அப்பா எழுந்து மாட்டை அவிழ்க்கப் போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் கெட்டவரில்லை. அதுதான் இன்னமும் கஷ்டமாக இருக்கிறது.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் யாரோ தேதி கொடுக்கவேண்டியிருந்ததால் கட்டடம் பூட்டியே கிடந்தது. ஊரில் கல்யாண மண்டபம் கிடையாது. அப்பா போய்க் கேட்டார், தலைமையாசிரியர் சாவியைக் கொடுத்தார். ஆக, அந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலில் நடந்தது அக்காவின் கல்யாணம். கரும்பலகையில் முதன்முதலாக எழுதப்பட்டதும் அவள் பெயர்தான். தலைமையாசிரியரே கலர் சாக்பீஸால் மணமகன் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார். பெண்ணை அலங்கரிக்கக் கோடியில் இருந்த அறையை ஒதுக்கியிருந்தார்கள். தலைமையாசிரியர் ஆசீர்வதிக்க வந்தபோது, தலை நிறையப் பூவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து நின்று, "எட்டாங் கிளாஸ் எந்த ரூமுங்க சார்?" என்று கேட்டாள்.

"இதாம்மா" என்றார் அவர். பிறகு அட்சதையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதே அறையில் நான் எட்டாவது படித்தேன். படித்து முன்னுக்கு வந்தவள் என்று ஊரில் என்னைச் சொல்கிறார்கள். நான் கொஞ்சம் பின்னால் பிறந்தேன், அவ்வளவுதான் விஷயம்.

போன மாதம் அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். தளத்தில் காரை உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்து வெகுநாளாயிற்று, இடித்தது சரிதான். நான் போனபோது கோடி அறை இருந்த இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தது. ஊர்க் கிணற்றையும் எப்போதோ மூடியிருக்கிறார்கள். வாசலில் புதுக் கட்டடத்தின் படத்தைப் பேனராகக் கட்டியிருந்தார்கள். அதில் மதில் இருந்தது.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் இண்டூரில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வருத்தப்படுவாள் என்று நினைத்து இழுத்து இழுத்துச் சொன்னேன். "சரி, இடிச்சிட்டாங்களா" என்றாள். பிறகு கேட்டாள்: "பசங்கள எங்க உக்கார வெச்சிருக்காங்க?"

"ரோட்டு மேல ஒரு கல்யாண மண்டபத்துலயாம்."

"அவ்ளோ தொலைவா? பொட்டப் புள்ளைங்கல்லாம் வருதுங்களா?"

தெரியவில்லை என்றேன்.

"நீ டீச்சரா இருந்தவதான, நாளைக்குப் போயிப் பாரு" என்றாள். "எதுனா ஒரு புள்ள வூட்ல நின்னிருந்திச்சின்னா, அவங்கப்பன்கிட்ட பேசு. கட்டடம் முடியட்டும்னு சொல்லுவான். கேட்டுக்கிட்டு வந்துராத."