இரண்டில் தொடங்கிய பட்டியல்

இது நடந்தது. ஊரில் எல்லோரையும் கிண்டலடித்து எழுதுபவன் நான். இதைச் சொன்னால் அத்தனை பேரும் சேர்ந்து என்னைக் கிண்டலடிப்பார்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன். பொய் சொல்வதென்றால் எனக்குப் பெருமையாக ஒன்று சொல்லியிருக்க மாட்டேனா?

2007, ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம். திருத்தணி பஜாரில் என் பிரவுசிங் சென்டர். காவடிச் சங்கத் தலைவர் கோதண்டம் சங்கத்துக்கு வெப்சைட் கேட்டிருந்தார். சங்கத்தைத் தொடங்கியவர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தமிழ் எண், அதன் பின்னணியில் மயிலிறகு. அந்த எண்களை நாம் அடிப்பதில்லை. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் ஷீட்டில் சொல்லிவிட்டால் கம்ப்யூட்டரே எண்ணிக்கொள்ளும்.

முதல் பெயர் பஞ்சாட்சரம். அம்மையார்குப்பத்து நெசவாளர். சங்கத்தின் முதல் காவடி அவர் தோளில்தான் ஏறியது. ஒருநாள் கடைக்கே வந்தார்.

"எம் பேரு மொதல்ல வருதா நைனா? பேத்தி பெங்களூர்லேர்ந்து பாக்கும்."

"ஆங், வருதுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை கோதண்டம் வந்தார், யாரும் போர்த்தாமலே பொன்னாடையோடு. "தலைவன் ரெண்டாவதா? அந்தாளத் தூக்கிடுய்யா." அந்தப் பொன்னாடையைப் பற்றி நான் நூறு ஜோக் சொல்வேன். அவர் சொன்னதைச் செய்தும் விடுவேன். பஞ்சாட்சரத்தின் வரியை மறைத்தேன். மறைத்த வரி கணக்கில் வராது. அடுத்த பெயர் தானாக ஒன்றாகிவிடும்.

ஆகவில்லை. கோதண்டத்துக்கு முன்னால் ௨, தமிழ் இரண்டு, அப்படியே நின்றது.

"இன்னாய்யா இது?"

"பிள்ளையார் சுழிங்க."

கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை, நல்ல வெயில். கடையில் நான் மட்டும். அந்த வரியை அடியோடு அழித்தேன். ௨. ஒன்றிலிருந்து எண்ணு என்று புதிதாக எழுதிப் பார்த்தேன். ௨.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. யு.பி.எஸ். செத்து ஆறு மாதம்...

திரை அணையவில்லை.

கோதண்டத்துக்கு மேலே ஒரு காலி வரி. மயிலிறகு. ௧, தமிழ் ஒன்று. பக்கத்தில் பெயர் இல்லை.

டக்... டக்... தறிச் சத்தம். பஜாரில் ஏது தறி?

டக்... டக்... என் நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பவில்லை. பஞ்சாட்சரம் என்று தட்டினேன்.

கடைசி எழுத்து.

சத்தம் நின்றது.

திரை அணைந்தது.

சுவர்க் கடிகாரத்தில் 12.17.

கரண்ட் வந்ததும் பார்த்தேன். நான் சேவ் செய்யவே இல்லை. பெயர் இருந்தது.

மறுநாள் சாவுச் செய்தி. மாலையோடு அம்மையார்குப்பம் போனேன். வாசலில் பஞ்சாட்சரத்தின் மகள் மணியம்மை.

"வெள்ளிக்கெழம தறியிலயே சாஞ்சிட்டாருண்ணா. பேச்சில்ல. ஒரு வெரல மட்டும் நீட்டிக்கினே கெடந்தாரு. டாக்டர் மடக்கிப் பாத்தாரு, முடியல."

"அப்புறம்?"

"நேத்து மத்தியானம் தானா மடங்கிச்சு. பன்னெண்டே காலு இருக்கும். அதோட போய்ட்டாரு."

மாலையைப் போடக் குனிந்தேன். விரல் மடங்கித்தான் இருந்தது.

பெயரை எடுத்தவனும் நான். திருப்பிப் போட்டவனும் நான்.

இரண்டில் எது அவரைக் கொன்றது...?