மெட்ராசில் உட்கார்ந்திருந்த மதீனா

தாராவியில் ஷாகுல் ஹமீதின் தோல்பைப் பட்டறையில் பதினோரு பேர் வேலை செய்தார்கள். மதீனா பீவியின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவர்களில் பாதிப் பேர் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்கள். மேலப்பாளையத்திலிருந்து வந்த குடும்பம். ஏழாம் வகுப்போடு நின்றவள். பைக்கு உள்துணி ஒட்டுவது அவள் வேலை. பசை காய்கிற நேரத்தில் யார் எதை எங்கே வைத்தார்கள், யார் முகம் எதற்குச் சுருங்கியது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். மாதுங்காவில் ஆறு மாதம் டைப் படித்திருக்கிறாள் என்பதே முதலாளிக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

தெரிந்ததும் அந்தக் கருவி அவள் கைக்கு வந்தது. எண்பத்தாறாம் வருஷம் முதலாளி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. நோட்டுப் புத்தகம் அளவில் ஒரு கம்ப்யூட்டர். நாலு பென்சில் செல் போட்டால் ஓடும். சாம்பல் நிறக் கண்ணாடியில் எட்டு வரி தெரியும். கூடவே ரப்பர் கிண்ணங்கள் இரண்டு. மெட்ராசில் பெரியமேட்டுத் தோல் ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டு, அந்தப் பக்கம் கீச்சென்று சத்தம் வந்ததும் ரிசீவரைக் கிண்ணங்களில் கவிழ்த்து அமுக்க வேண்டும். அதற்குப் பிறகு இவள் அடிப்பதெல்லாம் அங்கே இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும். அது பதில் எழுதும். யாரும் வாய் திறக்க வேண்டாம். இப்படியும் ஒரு பேச்சு உலகத்தில் உண்டு என்பது அவளுக்கு இனிப்பாக இருந்தது.

முதலாளி ஒரே தடவைதான் சொல்லிக்கொடுத்தார். முதலில் உன் பேரை அடி. எத்தனை தோல், என்ன நிறம், அதை அடி.

"எல்லாம் முடிஞ்ச பெறவு பை அடிச்சிட்டுப் போனை வை, என்னா?"

தலையாட்டினாள். தினமும் நாலு மணிக்கு அப்படியே செய்தாள். முதல் நாள் பெரியமேடு அவள் பேரைக் கேட்டது. இரண்டாம் நாளிலிருந்து கேட்கவில்லை. ரிசீவரைக் கவிழ்த்ததுமே, இவள் ஒரு கட்டையைக்கூடத் தொடுவதற்கு முன்னால், கண்ணாடியில் 'மதீனா' என்று இங்கிலீஷில் வந்து நிற்கும். பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம் கண் சிமிட்டும். தெரிந்த கடைக்காரன் முகத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்வதுபோல இதுவும் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஆனாலும் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஜூலை மழையில் ஒரு நாள், அனுப்பிய செய்திகளின் பட்டியலைப் பார்த்தபோது அவள் பேருக்கு நேரே காலை பதினொரு மணி என்று இருந்தது. பதினொரு மணிக்கு அவளுடைய பத்து விரலிலும் பசை. மறுநாளும் பதினொரு மணிக்கு ஒன்று. எருமைத் தோல் இருபது, நாளை லாரி. அவள் எழுதாத வரி, அவள் பேரில்.

அதற்குப் பிறகு காலையில் பதினொரு மணி ஆனால் அவளுக்கு விரல் நுனிகள் சில்லென்று ஆகிவிடும். இங்கே துணியில் பசை தடவும் அதே நேரத்தில் மெட்ராசில் இன்னொரு மதீனா உட்கார்ந்து எழுத்துகளைத் தட்டுகிறாள் என்று தோன்றும். பக்கத்தில் தையல் போடும் பேகம், "என்னளா, பேயறைஞ்சாப்ல இருக்க?" என்று கேட்டாள். மதீனா பசைச் சட்டியைப் பார்த்தபடி ஒன்றுமில்லை என்றாள்.

ஆகஸ்டில் அந்த இன்னொருத்தி, கறுப்புத் தோல் வேண்டாம், நிறுத்தவும் என்று எழுதினாள். பெரியமேடு நிறுத்திவிட்டது. கப்பலுக்குப் போக வேண்டிய பைகள் பாதியில் நின்றன. முதலாளி பட்டறைக்கு நடுவே நின்று, எதற்காக இதைச் செய்தாய் என்று கேட்டார். நான் எழுதவில்லை என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை. வேலை போனால் அண்ணன் அவளை ரயிலேற்றி மேலப்பாளையத்தில் யாருக்காவது கட்டிவைத்துவிடுவான். வீட்டில் பேசி முடித்த விஷயம் அது. இந்தச் சம்பளத்துக்காக மட்டுமே தள்ளிப்போட்டிருந்தார்கள்.

முதலாளி மெட்ராசுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். அங்கே சொன்ன பதிலை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ரிசீவரை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"கடைசில பை அடிக்கச் சொன்னேம்லா?"

"அடிச்சேனே மொதலாளி. தெனமும். நேத்து அறுபத்திரண்டு."

அவள் ஒவ்வொரு நாளும் கடைசியாக, அன்று தைத்து முடித்த பைகளின் எண்ணிக்கையை அடித்திருந்தாள். பெரியமேடு பதிலுக்கு ஒரு கேள்விக்குறி போடும். சரி என்பதற்கு அது போடும் அடையாளம் என்று எண்ணிப் போனை வைத்துவிடுவாள்.

"அது வெள்ளக்காரன் பை, பிள்ள. பி, வொய், ஈ. அதை அடிச்சாத்தான் நீ எந்திரிச்சுப் போனதா அதுக்குத் தெரியுமாம்."

பட்டறையில் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மெட்ராஸ்காரர்கள் சொன்னதன்படி, மதீனா என்பவள் ஜூன் மாதத்திலிருந்து அங்கே உட்கார்ந்தே இருக்கிறாள். அடுத்ததாக யார் போன் போட்டாலும் அந்தக் கம்ப்யூட்டர் பேர் கேட்காமல் அவளுடைய இடத்திலேயே உட்காரவைத்துவிடும். அப்படி வந்து உட்கார்ந்தது யார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு ஆள் உண்டு என்றே முதலாளி நம்பவில்லை. பயத்தில் கண்டதையும் தட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தார். சனிக்கிழமைக்குள் ஆளைக் காட்டு என்றார்.

அன்று நாலு மணிக்கு மதீனா தன் பேருக்கே ஒரு செய்தி எழுதினாள். நீங்க யாரு, உங்க போன் நம்பர் என்ன. அடுத்து வந்து உட்காருகிறவர் கண்ணில் படட்டும் என்று 'பை' அடிக்காமலே வைத்தாள். மறுநாள் நாலு மணிக்குப் பதில் இருந்தது. மேலே 'மதீனா'. கீழே: ஜம்பு, ஆம்பூர். ஒரு நம்பர். அதற்கும் கீழே, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா.

முதலாளி அதைக் குனிந்து படித்தார்.

"ரெண்டுக்கும் மதீனான்னுதான் போட்டிருக்கு. கேள்வியும் நீ, பதிலும் நீ. என்னை என்ன பைத்தியம்னு நெனச்சியா?"

"போன் போடுங்க மொதலாளி."

"நான் ஏன் போடணும்? நீ பேசு. நான் கேக்கேன்."

டிரங்க் கால் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. மணி அடித்ததும் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்நிய ஆணோடு அவள் போனில் பேசியதே இல்லை. முதலாளி ரிசீவரின் மறுபுறம் காதை ஒட்டவைத்துக்கொண்டார்.

"யாருங்க?"

"நான் மதீனா."

அந்தப் பக்கம் தோல் பதனிடும் பீப்பாய் உருளும் சத்தம் கேட்டது.

"எந்த மதீனா?"

"மெட்ராஸ் கம்ப்யூட்டர்ல... செய்தி போட்டேனே."

"அது கம்ப்யூட்டர் பேராச்சே." குரல் தாழ்ந்தது. "தெனம் போன் போட்டதும் அதான வருது. அது பேசுமா?"

மதீனா விடவில்லை. கறுப்புத் தோலை நிறுத்தச் சொன்னது நீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றான் ஜம்பு. பெரியமேட்டுக்குத் தோல் அனுப்பும் அவர்கள் தொட்டியில் சாயம் கெட்டுவிட்டதாம். தங்கள் சரக்கை எடுக்க வேண்டாம் என்று அவன் எழுதியிருக்கிறான். ரெண்டு மாசமாகக் காலையில் பதினொரு மணிக்கு எழுதுகிறானாம். கம்ப்யூட்டர் அவன் பேரைக் கேட்டதே இல்லையாம்.

முதலாளி மெல்ல நிமிர்ந்தார். "நாளைக்கு நாலு மணிக்கு வழக்கம்போல வந்து உக்காரு" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

போனில் ஜம்பு இன்னும் இருந்தான்.

"நெசமாவே உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் மதீனா. பட்டறை முழுவதற்கும் கேட்டது.

அவன் போனை வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை. மூன்று நிமிஷம் ஆகிவிட்டது என்று எக்ஸ்சேஞ்சுக்காரி குறுக்கே வந்து சொல்லும்வரை, இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.