காக்கை தொடாத சோறு

ஈப்போவில் காக்கைக்கா பஞ்சம்? கோப்பிக் கடையில் ஆள் கையிலிருக்கும் ரொட்டியையே பிடுங்கிக்கொண்டு போகிற ஜாதி அவை. அப்படிப்பட்டவை, சன்னாசி வீட்டுப் பின்சுவரில் வைத்த சோற்றை மட்டும் தொடுவதில்லை. கலாதேவி இறந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. ஒவ்வொரு அமாவாசைக்கும் சன்னாசி தன் கையாலேயே கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் பருப்பு வடையும் செய்து, பொண்டாட்டி படத்துக்கு முன்னால் இலை போட்டு, முதல் பிடியைச் சுவரில் கொண்டுபோய் வைப்பார். காக்கைகள் கரண்டுக் கம்பியில் வந்து உட்காரும். குனிந்து பார்க்கும். பிறகு எழுந்து போய்விடும்.

சன்னாசி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டத்தை அழித்து வரிசை வரிசையாக வீடு கட்டின தாமானில்தான் இப்போது குடியிருக்கிறார். வேனில் பிள்ளைகள் பேய்க்கதை பேசினால், "பேசாம வாங்கடா, பேயே உங்க சத்தத்துல ஓடிடும்" என்று சிரிப்பார். அந்த மனுஷனைத்தான் ஒரு பிடி சோறு ஆட்டி வைத்தது. காக்கை எடுக்கவில்லை என்றால் போனவர்கள் மனசு அடங்கவில்லை என்றுதானே நம் ஆட்கள் சொல்வார்கள்? அவளுக்கு என்ன குறை வைத்தோம் என்று யோசித்து யோசித்தே ஆள் பாதியாகிவிட்டார்.

கலாதேவியைக் கொண்டுபோனது குடல் நோய். குடல் உள்ளேயே புண்ணாகி, தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல், கடைசியில் துணி மாதிரிக் கிடந்தாள். இப்போது அதே நோய் மகள் தினேஸ்வரிக்கு. மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவள் குடலிலிருந்து கடுகளவு சதை எடுத்து, காம்பார் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதைக் குட்டிக் குடலாக வளர்த்து, அதன்மேல் ஒவ்வொரு மருந்தாக விட்டுப் பார்த்து, எது கேட்கிறதோ அதைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. சன்னாசிக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

அங்கே வேலை செய்கிறவள் பியாட்ரிஸ், சித்தியவான் ஊர்ப் பெண். சதை வந்து சேர்ந்ததைச் சொல்லப் போன் செய்தவள், கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"அங்கிள், ஆன்ட்டியோட குடலும் இங்கதான் இருக்கு. இன்னும் உயிரோட."

சாவதற்குக் கொஞ்ச நாள் முந்தி கலாதேவியிடமும் அப்படி ஒரு துளி எடுத்திருந்தார்கள், அவள் சம்மதத்தோடுதான். அதை அப்போதே தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதான் சன்னாசி நினைத்திருந்தார்.

மறுநாளே கிளம்பிப் போனார். ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டை ஒன்றின் கரையில் அந்தக் கட்டடம் நின்றது. வெளியே நல்ல காற்று, குட்டைத் தண்ணீர் மட்டும் அசையவில்லை. பியாட்ரிஸ் திரையில் காட்டினாள். வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி, பளபளவென்று, உள்ளே வெற்றிடமாக உருண்டைகள். அவை உப்பின, சுருங்கின, மறுபடியும் உப்பின. தூங்குகிறவள் வயிறு அப்படித்தான் ஏறி இறங்கும். அவரை அறியாமலே, "கலா" என்று கூப்பிட்டுவிட்டார். ஓரத்தில் சும்மா கிடந்த ஓர் உருண்டை மெல்லப் பெருத்தது.

சன்னாசி திரையை விட்டு விலகி நின்றார். அது நேற்று எடுத்த படம், ஓட்டிக் காட்டுகிறேன், அவ்வளவுதான் என்று பியாட்ரிஸ் சமாதானம் சொன்னாள். நேற்றே பதில் சொல்லி வைத்திருந்தாளா என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அது என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து பிரித்த நீர், அதோடு சத்துகள் என்றாள். அட கடவுளே! மாட்டுக்கறி சமைக்கிற கடையில் வெறும் தேத்தண்ணிகூடக் குடிக்காதவள் கலாதேவி. அவளுக்கா இந்தச் சாப்பாடு? சன்னாசிக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அதோடு ஒரு விஷயம் விளங்கியும் போனது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு இங்கே இலை போட்டால் எந்தக் காக்கை எடுக்கும்?

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் வைத்தாலே அந்த உருண்டைகள்தான் கண்ணுக்குள் உப்பின. அடுத்த அமாவாசையும் வந்தது, காக்கைகள் பார்த்துவிட்டுப் போயின. அதற்குமேல் தாங்காது என்று மறுபடியும் காம்பாருக்குப் போய், அவளை விட்டுவிடச் சொன்னார்.

பியாட்ரிஸ் மறுத்துப் பேசவில்லை. வேண்டாம் என்று சொல்ல வீட்டாருக்கு உரிமை இருக்கிறது என்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவரை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த சூட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினாள். ஒரே அடுக்கில் இரண்டு வட்டத் தட்டுகள், ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று அம்மா, ஒன்று மகள்.

மகளுடையது வளரவே இல்லை என்றாள். என்ன கொடுத்தாலும் சுருண்டு சுருண்டு செத்துக்கொண்டிருந்ததாம். கடைசி முயற்சியாக, அம்மா தட்டில் ஊறிக் கிடந்த நீரை எடுத்து மகள் தட்டில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"அதுக்கப்புறந்தான் வளருது அங்கிள். அதைக் குடிச்சாத்தான் இது நிக்குது லா. ஆன்ட்டியை நிறுத்திட்டா இதுவும் போயிடும். மருந்து எதுன்னு தெரியற வரைக்கும் பொறுத்துக்க முடியுமா?"

சன்னாசி கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தினேஸ்வரிக்குப் பல் முளைக்காத காலத்தில், சோற்றைத் தன் வாயில் மென்று கூழாக்கி ஊட்டுவாள் கலாதேவி. சீ, அசிங்கம் என்று இவர்தான் திட்டுவார். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

பொறுக்கிறேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார்.

அடுத்த அமாவாசைக்குப் பழக்கதோஷத்தில் சமைத்தார், இலை போட்டார், முதல் பிடியைச் சுவரில் வைத்தார். திரும்பி இரண்டு அடிகூட வைத்திருக்க மாட்டார், பின்னால் றெக்கைச் சத்தம் கேட்டது. கழுத்து வெளுத்த காக்கை ஒன்று சுவர்மேல் நடந்து வந்தது. சோற்றுக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்துவிட்டு, அலகைத் திறந்தது.

எத்தனை அமாவாசை இதற்காகக் கும்பிட்டிருப்பார்! இப்போது எடுத்தால் அவள் அங்கே அடங்கிவிட்டாள் என்றல்லவா ஆகும்? தோளில் கிடந்த துண்டை உருவி வீசிக்கொண்டு ஓடினார்.

"போ! எடுக்காத, இப்ப எடுக்காத. அவ இன்னும் ஊட்டி முடிக்கல."

அது தூரமாகப் போகவில்லை. கம்பியில் போய் உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்தது, பிறகு இன்னும் சில. சன்னாசி சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்துக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார். யாரிடம் பேசுகிறீர்கள் அப்பா என்று அறையிலிருந்து தினேஸ்வரி கேட்டாள். ஒருத்தருமில்லை, நீ படு என்றார். அந்தப் பிடியை மூடிப் பிடித்தபடியே அவர் கதவில் சாய்ந்து நிற்க, கூரைத் தகரத்தில் அலகுகள் தட்ட ஆரம்பித்தன.