இரண்டாவது வார்த்தை

காலை ஐந்து ஐம்பத்திரண்டு. போன ஐப்பசியில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. புதுச்சேரி சாரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு நான் ஆண்டவரைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த நாற்பது குடும்பங்கள் அன்பியம் என்ற சிறு குழுவாகக் கூடி ஜெபிக்கிறோம். அதன் வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் ஒரு குரல் பதிவு போடுவது மூன்று வருடங்களாக என் பொறுப்பு. ஒரு திருப்பாடல், என் வார்த்தைகளில் ஒரு சின்ன விளக்கம், கடைசியில் ஜெபம். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் இது வரும். எழுந்ததும் வீட்டில் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். 'இந்த நாளின் முதல் வார்த்தை ஆண்டவருக்கு' என்று சொல்லித்தான் தொடங்குவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பதிவு போனதும் ஆமென்களும் கைகூப்பும் படங்களும் வரிசையாக வரும். முதலில் வருவது எப்போதும் ஒரு குரல். பின்தெருவில் இருந்துகொண்டு பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா. எழுதத் தெரியாது. ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே "ஆமென் சார்" என்று மட்டும் அனுப்புவார்.

பைபிளை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டுமே என்று, விரலை எடுத்தாலும் பதிவு ஓடும்படி பொத்தானை மேலே தள்ளிப் பூட்டிவிடுவது என் வழக்கம். அன்றும் அப்படித்தான். ஜெபத்துக்கு வந்தபோது என் மகள் அறைக்குள் வந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். கையில் இயற்பியல் விடைத்தாள். கையெழுத்து வேண்டும், இன்றுதான் கடைசி நாள் என்றாள். வாங்கிப் பார்த்தேன். தேறவில்லை. பள்ளியில் தாள் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இன்னும் தரவில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "பொய் சொல்ற வாய்க்கு மூணு வேளை சோறு போடறேன் பாரு" என்றேன். "நீ பொறந்ததே ஆண்டவர் எனக்குக் குடுத்த தண்டனை" என்றேன். இன்னும் நிறைய. அவள் கையெழுத்துப் போடாத தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். உப்பளத்தில் ஆறரை மணிக்கு டியூஷன். சைக்கிளை எடுத்துக்கொண்டு தூறலிலேயே போய்விட்டாள்.

நேரமாகிவிட்டதே என்று அவசரமாகக் கைப்பேசியை எடுத்தேன். பதிவு அதுவரை ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஜெபம் பாதியில் நின்றதுகூட நினைவில் இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் ஒரு ஆமென்கூட இல்லை. முப்பது பேருக்கு மேல் கேட்டிருந்தார்கள். அந்த மீன்கார அம்மாவின் குரல்கூட வரவில்லை. குழுவின் பொறுப்பாளர் அழைத்து, "சார், நீங்க போட்டத ஒரு தடவ கேளுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கேட்டேன். இரண்டு நிமிடம் ஆண்டவருக்கு நன்றி சொன்ன அதே குரல், மூச்சு விடும் இடைவெளியில், என் பெண்ணைக் கிழித்தது. அழித்தேன். ஆனால் காதில் விழுந்ததை அழிக்க எந்தப் பொத்தானும் இல்லை.

அடுத்த அழைப்பு டியூஷன் ஆசிரியரிடமிருந்து. கூடப் படிக்கும் பெண் ஒருத்தியின் அம்மாவும் எங்கள் குழுவில் இருக்கிறார். அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டு, டியூஷன் வாசலில் வைத்து என் மகளிடம் சொல்லியிருக்கிறாள். "உள்ள வராமலே திரும்பிப் போயிட்டா சார். வீட்டுக்கு வந்துட்டாளா?"

வரவில்லை. அவள் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

என் மனைவி செவிலியர். அப்போதுதான் இரவுப் பணி முடிந்து வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டவில்லை. "நான் வீட்டுல இருக்கேன். நீங்க போய்த் தேடுங்க. எங்கயாவது பாத்தீங்கன்னா கத்தாதீங்க" என்றாள். அதைக்கூட எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

உப்பளம் முழுக்க ஸ்கூட்டரில் சுற்றினேன். பள்ளிக்கும் அவள் போகவில்லை. ரயில் நிலையம், பேருந்து நிலையம். கடற்கரைச் சாலையில் நிறுத்தியிருந்த ஒவ்வொரு சைக்கிளையும் இறங்கிப் பார்த்தேன். மழைக்காலத்துக் கடல் பாறைகளில் மோதிக்கொண்டிருந்தது. பாறைகளுக்குக் கீழே பயந்துகொண்டே பார்த்தேன். ஜெபிக்க வாயைத் திறந்தேன். நாற்பது வீடுகளுக்குத் தினமும் ஜெபம் சொல்லித் தந்தவனுக்கு 'ஆண்டவரே' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. காலையில் நான் கத்தியதுதான் என் காதிலேயே திரும்பத் திரும்ப ஓடியது. வழியில் கோவில் திறந்திருந்தது. உள்ளே போகத் தைரியம் இல்லை.

பத்தரை மணிக்கு, காவல் நிலையத்தில் கொடுக்க அவள் புகைப்படம் எடுத்துப்போக வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே படத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓடிவந்து பார்த்தேன். பின்னால் காலி மீன் பெட்டிகள், அவற்றின்மேல் என் மகளின் சைக்கிள். முன்னால் இருந்து அந்த மீன்கார அம்மா இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள்.

"நேரு வீதி முனையில சைக்கிளத் தள்ளிகினு அழுதுகினே வந்துச்சு. நான்தான் கடையில உக்கார வெச்சேன். வூட்டுக்கு போன் பண்ணாதீங்கன்னு சொல்லிச்சு, சரின்னுட்டேன். அது தப்புன்னா என்னத் திட்டுங்க சார், பாப்பாவத் திட்டாதீங்க."

மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகள் என்னைப் பார்க்கவில்லை.

பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த அம்மா என் பதிவைத் தினமும் சத்தமாக வைப்பாராம். மீன் அரிகிற கைகளை நிறுத்திவிட்டு அந்த மீன்கடை வரிசையே கேட்குமாம். கோவிலுக்கு வராதவர்களும், வேறு சாமி கும்பிடுகிறவர்களும். என் வார்த்தை அவ்வளவு தூரம் போகிறது என்று எனக்குத் தெரியாது. அன்றும் அந்த வரிசை முழுக்கக் கேட்டிருக்கிறது.

குழுவில் மன்னிப்புக் கேட்டேன். மகளிடம் கேட்டதுதான் கடினமாக இருந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மாதங்கள் ஆகிவிட்டன. இப்போதும் காலையில் பதிவு போடுகிறேன். போட்டதும் அவள் அறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தூக்கம் வந்ததா என்று கேட்கிறேன். சில நாள் பதில் வருகிறது. சில நாள் வருவதில்லை. கேட்பதை மட்டும் நான் விடவில்லை. அன்று வாசலில் வார்த்தை வராமல் நான் நின்றபோது, அந்த அம்மா என் மகளின் கையை என் பக்கம் நீட்டிச் சொன்னது அப்படியே உள்ளே இருக்கிறது.

"மொத வார்த்த ஆண்டவருக்குன்னு தெனம் சொல்றீங்களே சார். ரெண்டாவது வார்த்தைக்கு இவள இட்டாந்திருக்கேன். பேசுங்க."